அமெரிக்கத் தேர்தற் களத்தில் மூன்றாமவர்

1948ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடைபெற்ற அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலிலே, இரு பெருங் கட்சிகளின் அபேட்சகர்களாகிய ட்ரூமனும் டியூயியும் எதிரெதிர் நின்றனர். அவர்களைத் தவிர வேறிருவரும் அத்தேர்தலில் நாட்டின் கவனத்தைக் கவர்ந்தனர். ஒருவர் தென் கரோலினா மாநிலத்தின் ஆளுநராயிருந்த ஸ்ட்ரொம் தேர்மண்ட். கறுப்பின மக்களுக்குச் சமவுரிமை வழங்குவதை எதிர்த்து நின்றவர். மற்றவர் முன்னாள் உபஜனாதிபதி ஹென்றி வாலஸ். அச்சமவுரிமையை வற்புறுத்தியதோடு, சோவியத் நாட்டுடன் இணக்கமும் வேண்டும் என்றவர். இருவரும் ட்ரூமனின் சனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்து சென்றவர்களே. ஒருவர் வலப்புறமாகவும் மற்றவர் இடப்புறமாகவும் பிரிந்தனர் என்பதுதான் வேறுபாடு.

வாக்குகள் எண்ணப்பட்டபோது இருவருக்கும் கிடைத்த பங்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நூற்றுக்கு 2.4 வீதமான வாக்குகள் தேர்மண்டுக்கும், அதே அளவான வாக்குகள் வாலஸுக்கும் கிடைத்தன. ஆயினும், ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் தேர்வாளர்களுள் 39 பேர் தேர்மண்டுக்கு வாக்களித்தனர். வாலஸுக்கு ஒருவரேனும் வாக்களிக்கவில்லை. மக்கள் இருவருக்கும் ஒரே அளவாக அளந்து கொடுத்ததை, தேர்தல் முறை ஒருவருக்கு 39 என்றும் மற்றவருக்குச் சூனியம் என்றும் கணக்கெழுதிற்று. அமெரிக்காவில் மூன்றாங் கட்சிக்காரரின் வாய்ப்பு எத்தகையது என்று ஆராய்வோர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இக்கணக்கையே.

ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலமும் காங்கிரசின் பிரதிநிதிகள் சபையில் தனக்குள்ள உறுப்பினர் தொகையோடு, செனற் சபையிலுள்ள தன் இரு உறுப்பினரையும் கூட்டி, அத்தொகைக்குச் சமமான தேர்வாளர்களை நியமிக்கின்றது. தலைநகருக்குரிய மூவரையும் சேர்த்து இன்று இவர்களின் மொத்தத் தொகை 538. இவர்களுள் 270 பேரின் ஆதரவைப் பெற்றவரே ஜனாதிபதியாவார். மேயின், நெப்ராஸ்கா என்னும் இரு மாநிலங்கள் நீங்கலாக, ஏனைய 48 மாநிலங்களிலும் முதலிடம் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் சேர்கின்றனர். இரண்டாமவர் ஒரு வாக்கினால் தோற்றாலும் பத்து இலட்சம் வாக்குகளினால் தோற்றாலும் பலன் ஒன்றுதான். மூன்றாமவரைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

எனவே, நாடெங்கும் பரவலாக ஆதரவு பெற்றவரை இம்முறை தண்டிக்கின்றது. ஒரு மூலையிலே குவிந்த ஆதரவு பெற்றவருக்குப் பரிசளிக்கின்றது. தேர்மண்டின் வாக்குகள் தெற்கே நான்கு மாநிலங்களில் குவிந்திருந்தன. அது மட்டுமன்று, அந்நான்கு மாநிலங்களிலும் சனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ அபேட்சகராக வாக்குச்சீட்டில் இடம்பெற்றவர் அவரே. அதாவது, அவர் வென்ற இடங்களிலெல்லாம் உண்மையில் அவர் மூன்றாமவராக நிற்கவேயில்லை. ஹென்றி வாலஸின் வாக்குகளில் ஏறத்தாழப் பாதி நியூ யோர்க் மாநிலத்திலே விழுந்தது. அங்கும் அவர் மூன்றாமிடத்தையே பெற்றார். அவர் பிரித்த வாக்குகளின் பயனாக அம்மாநிலத்தின் 47 தேர்வாளர்களையும் குடியரசுக் கட்சியின் டியூயி கைப்பற்றினார்.

இதனிலும் பெரிய உதாரணம் 1992ஆம் ஆண்டுக்குரியது. டெக்சாஸ் மாநிலத்துக் கோடீசுவரரான ரொஸ் பெரோ, கட்சி எதனையுஞ் சாராது, தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுப் போட்டியிட்டார். அரசாங்கத்தின் வரவு செலவில் விழும் துண்டை விளக்கும் வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கித் தொலைக்காட்சியிலே பாடம் நடத்தினார். மக்கள் அதனை விரும்பிக் கேட்டனர் என்பது வியப்புக்குரியது. ஜூன் மாதத்தில் எடுக்கப்பட்ட கலப் கருத்துக் கணிப்பொன்றிலே, பதவியிலிருந்த ஜனாதிபதி புஷ்ஷையும் பில் கிளின்டனையும் பின்தள்ளி அவரே முதலிடத்தில் நின்றார். ஜூலையில் திடீரென விலகினார். ஒக்டோபரில் மீண்டும் வந்தார். இத்தனைக்குப் பின்னரும் அவருக்கு ஒரு கோடியே 97 இலட்சம் வாக்குகள், அதாவது நூற்றுக்கு 18.9 வீதம் கிடைத்தன. மேயினில் புஷ்ஷையும் யூட்டாவில் கிளின்டனையும் முந்தி இரண்டாமிடத்தையும் பெற்றார். தேர்வாளர் வாக்கு? ஒன்றுமில்லை. ஐவரில் ஒருவர் என்னுமளவுக்கு மக்கள் வாக்களித்த ஒருவருடைய பெயர், ஜனாதிபதியைத் தெரிவு செய்த கணக்கேட்டிலே இடம்பெறாது போயிற்று.

ஒரு வேளை மூன்றாமவர் சில மாநிலங்களைக் கைப்பற்றி, எவருக்கும் 270 கிடையாதபடி தடுத்துவிட்டால் என்ன நிகழும்? 1804இல் நிறைவேறிய பன்னிரண்டாம் அரசியற் திருத்தம் இதற்கு விடை கூறுகின்றது. தேர்வாளர் வாக்குகளில் முன்னிற்கும் மூவரிலிருந்து பிரதிநிதிகள் சபை ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டும். ஆனால் அங்கே ஆளுக்கொரு வாக்கன்று, மாநிலத்துக்கொரு வாக்கு. ஏறத்தாழ நான்கு கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் ஒரு வாக்கு. ஆறு இலட்சம் பேரும் இல்லாத வயோமிங்குக்கும் ஒரு வாக்கு. வெல்ல வேண்டியவர் 26 மாநிலங்களைப் பெறுதல் வேண்டும். அச்சபையிலே இரு பெருங் கட்சியினரே நிறைந்திருக்க, மூன்றாமவருக்கு அங்கு யார் கைகொடுப்பார்?

இவ்வழி ஒருமுறைதான் பயன்பட்டது. 1824ஆம் ஆண்டில் ஜக்சனுக்கு 99, ஜோன் குவின்சி அடம்சுக்கு 84, குரோபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37 எனத் தேர்வாளர் வாக்குகள் சிதறின. நான்காமவராகிய கிளே பட்டியலிலிருந்து நீங்கினார். எனினும் சபையின் சபாநாயகர் அவரே. அவர் ஆதரவினால் அடம்ஸ் ஜனாதிபதியானார். பின்னர் கிளே அவருடைய இராஜாங்கச் செயலாளரானார். இதனை ஊழற்பேரம் என்று ஜக்சனின் ஆதரவாளர் நான்காண்டுகளாகத் தூற்றி, 1828இல் அடம்ஸை வீட்டுக்கு அனுப்பினர்.

இப்பேரத்தை மனத்திற் கொண்டே 1968இல் அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜோர்ஜ் வாலஸ் களமிறங்கினார். (ஹென்றி வாலஸுக்கும் இவருக்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது.) இனப் பாகுபாட்டைக் கட்டிக்காப்பதே தம் அரசியலாகக் கொண்டிருந்த அவர், தாம் ஜனாதிபதியாகலாம் என்று நம்பினாரோ இல்லையோ, எவருக்கும் பெரும்பான்மை கிடையாதபடி செய்து, தம் தேர்வாளர்களை விலை பேசலாம் என்று திண்ணமாக நம்பினார். ஐந்து தென் மாநிலங்களை வென்று 46 தேர்வாளர் வாக்குகளைப் பெற்றார். ஆனால் நிக்சனுக்கு 301 கிடைத்துவிட்டமையால் பேரம் பேசுவதற்கு ஆளில்லாது போயிற்று. வாலஸுக்குப் பின்னர் இன்றுவரை எந்த மூன்றாங் கட்சி அபேட்சகரும் ஒரு மாநிலத்தையேனும் வென்றதில்லை.

மூன்றாமவருக்குரிய ஆதரவு கோடையிற் பெருகிக் குளிர் தொடங்குமுன் வற்றிவிடுவதும் வழக்கமாயிற்று. செப்டெம்பரில் 21 வீதமாயிருந்த ஜோர்ஜ் வாலஸின் ஆதரவு நவம்பரில் 13.5 ஆயிற்று. 1980இல் ஜோன் அன்டர்சன் கோடைகாலத்தில் இருபது வீதத்துக்கு மேற்பட்ட ஆதரவோடு வலம் வந்தார். வாக்குப் பெட்டியிலே கிடைத்தது 6.6 வீதம். கருத்துக் கணிப்பாளரிடம் மூன்றாமவரின் பெயரைச் சொல்வதனால் எவருக்கும் நட்டமில்லை. வாக்களிக்கும் நாளிலோ, தன் வாக்கு வீணாகுமோ, அதனிலுங் கொடியதாய், தான் அஞ்சுகின்றவருக்கே துணையாகுமோ என்ற எண்ணம் வாக்காளனைப் பற்றிக்கொள்கின்றது. ஒரு தொகுதிக்கு ஒருவர், கூடிய வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் முறை இரு கட்சிகளையே நிலைநிறுத்தும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் டுவெர்ஜே 1951இல் எழுதினார். அவர் குறிப்பிட்ட காரணங்களுள் இவ்வச்சமும் ஒன்று.

அவ்வச்சம் வீண் அச்சமன்று. அது உண்மையாகிய தேர்தலொன்று அமெரிக்க வரலாற்றையே திருப்பிவிட்டது.

1844ஆம் ஆண்டிலே அடிமை ஒழிப்பாளர் சிலர் சுதந்திரக் கட்சி என்னும் பெயருடன் ஜேம்ஸ் பேர்னி என்பவரை நிறுத்தினர். கென்டக்கியிலே பிறந்த பேர்னி, தாமே ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்து, பின் மனம் மாறி அவர்களை விடுவித்தவர். முந்திய தேர்தலில் அவருக்கு ஏழாயிரம் வாக்குகளே கிடைத்திருந்தன. எதிரே விக் கட்சியின் ஹென்றி கிளேயும் சனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க்கும் நின்றனர். இருவருமே அடிமைகளை உடையவர்கள். ஆயினும் போல்க், அடிமை முறை நிலவிய டெக்சாஸை உடனே நாட்டுடன் இணைக்க வேண்டும் என்றார். கிளே அதற்குத் தயங்கினார். தயங்கினார் என்பதைவிட, வடக்கே ஒரு விதமாகவும் தெற்கே வேறு விதமாகவும் கடிதம் எழுதினார் என்பதே பொருந்தும். அக்கடிதங்களைப் படித்து வெறுப்புற்ற அடிமை ஒழிப்பாளருக்கு, இரு அடிமை உடைமையாளருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மனச்சான்று இடந்தரவில்லை.

நியூ யோர்க் மாநிலத்தில் போல்க் வென்றது 5,106 வாக்குகளினால். அங்கே பேர்னி பெற்றவை 15,812. அம்மாநிலத்தின் 36 தேர்வாளர்களும் கிளேக்குச் சேர்ந்திருப்பின் ஜனாதிபதி அவரே. பேர்னிக்கு வாக்களித்தவரில் மூன்றிலொரு பங்கினர் கிளேயின் பக்கஞ் சாய்ந்திருந்தாலே அது நிகழ்ந்திருக்கும். நிகழவில்லை. 1845இல் டெக்சாஸ் அடிமை மாநிலமாக இணைந்தது; அடுத்த ஆண்டு மெக்சிக்கோவுடன் போர் மூண்டது. அடிமை முறையை வேரறுக்கப் புறப்பட்டவர்களின் வாக்கு, அது பரவுவதற்குப் புதிய நிலந் தேடியவரை ஆட்சியில் அமர்த்திற்று. அத்தேர்தலில் வாக்களிக்க உரிமையற்று, அதன் விளைவைத் தம் முதுகிலே சுமந்த மக்கள் டெக்சாஸின் பருத்தி வயல்களில் இருந்தனர்.

கதை இவ்வளவில் முடிந்திருப்பின், மூன்றாங் கட்சிக்கு வாக்களிப்பது பேதைமை என்று தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால் மெக்சிக்கோப் போரினாற் கிடைத்த நிலங்களில் அடிமை முறை பரவலாமா என்னும் வழக்கு இரு பெருங் கட்சிகளையும் உள்ளிருந்தே பிளந்தது. 1848இல் சுதந்திரக் கட்சியினரிற் பலர் சுதந்திர மண் கட்சியிலே கலந்தனர். அதன் அபேட்சகராக நின்ற முன்னாள் ஜனாதிபதி வான் பியூரன் பத்து வீத வாக்குகள் பெற்றார், தேர்வாளர் ஒருவருமிலர். 1854இல் கன்சாஸ்–நெப்ராஸ்காச் சட்டம் நிறைவேறியபோது விக் கட்சி உடைந்து சிதறிற்று. அவ்விடத்திலே குடியரசுக் கட்சி முளைத்தது. 1856இல் அதன் அபேட்சகர் 114 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். 1860இல் லிங்கன் ஜனாதிபதியானார். சுதந்திரக் கட்சியிற் பணிபுரிந்த சமன் சேஸ் என்னும் வழக்கறிஞர், பின்னர் சுதந்திர மண் கட்சியில் விளங்கி, லிங்கனின் அமைச்சரவையிலே திறைசேரிச் செயலாளராய் அமர்ந்தார். பேர்னியின் அறுபத்தீராயிரம் வாக்குகளுக்கும் லிங்கனின் வெற்றிக்கும் இடையே கழிந்தவை பதினாறே ஆண்டுகள்.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. குடியரசுக் கட்சி மூன்றாமிடத்திலிருந்து படிப்படியாக ஏறி முதலிடம் அடையவில்லை. பெருங் கட்சிகள் இரண்டில் ஒன்று மடிந்தமையால் உண்டான வெற்றிடத்திற் புகுந்தது. அத்தகைய வெற்றிடம் அதன்பின் அமெரிக்காவில் ஏற்பட்டதில்லை.

1912இல் ஏற்பட்டுவிடும் போலத் தோன்றியது உண்மை. முன்னாள் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ற், குடியரசுக் கட்சி தம்மை விடுத்துப் பதவியிலிருந்த டாப்டையே நிறுத்தியமையாற் சினந்து, முற்போக்குக் கட்சியை அமைத்து நின்றார். மில்வோக்கி நகரிலே துப்பாக்கிக் குண்டு பட்ட மார்போடு மேடையேறிப் பேசியவர் அவர். 27.4 வீத வாக்குகளும் 88 தேர்வாளர்களும் அவருக்குக் கிடைத்தன. டாப்டுக்கு எட்டே தேர்வாளர்கள். மூன்றாங் கட்சிக்காரர் ஒருவர் பெருங் கட்சிக்காரரை முந்திய தேர்தல் அந்த நூற்றாண்டில் அது ஒன்றே. அவர்கள் இருவரும் பிரித்துக்கொண்ட வாக்குகளின் நடுவே, 41.8 வீதம் பெற்ற வில்சன் 435 தேர்வாளர்களோடு வெற்றிபெற்றார். நான்காண்டுகளின் பின் ரூஸ்வெல்ற் தம் பழைய கட்சிக்கே திரும்பினார். முற்போக்குக் கட்சி மறைந்தது.

கட்சி மறைந்தாலும் அதன் கோரிக்கைகள் மறைவதில்லை. 1892இல் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளும் 22 தேர்வாளர்களும் பெற்ற மக்கள் கட்சி, வருமானத்துக்கேற்ற வரியையும் செனற்றரை மக்களே தெரிவு செய்யும் உரிமையையும் கேட்டது. அடுத்த தேர்தலிலேயே சனநாயகக் கட்சி அதன் ஆதரவாளரை விழுங்கிவிட்டது. ஆனால் வருமான வரிக்கும் செனற் தேர்தலுக்கும் உரிய அரசியற் திருத்தங்கள் இரண்டும் 1913இல் நிறைவேறின. 1968இன் ஜோர்ஜ் வாலஸ் காட்டிய வாக்குகளைக் குடியரசுக் கட்சியினர் நன்கு கணக்கிட்டுக்கொண்டனர். 1972இல் தெற்கு முழுவதும் நிக்சனுக்கே விழுந்தது. பெருங் கட்சிகள் மூன்றாமவரிடமிருந்து நல்லதைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு விதியொன்றுமில்லை.

2000ஆம் ஆண்டுத் தேர்தல் பேர்னியின் வழக்கை மறுபடியும் அரங்கேற்றியது. மோட்டார் வாகனங்களின் பாதுகாப்புக்காகப் பெரும் நிறுவனங்களோடு போராடிப் புகழ்பெற்ற ரால்ப் நேடர், பசுமைக் கட்சியின் சார்பில் நின்றார். புளோரிடாவில் அல் கோரை ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் முந்தியது 537 வாக்குகளினால். நேடர் அங்கு பெற்றவை 97,488. அவருடைய ஆதரவாளரிற் சிலர் வேறெவருக்கும் வாக்களியாது வீட்டிலிருந்திருப்பர், சிலர் புஷ்ஷின் பக்கமே சென்றிருப்பர் என்று எவ்வளவு கழித்தாலும், எஞ்சும் தொகை 537ஐ மூடிவிடப் போதுமானது. கோர் தம் சொந்த மாநிலமாகிய டெனசியையும் இழந்தார் என்பதை நேடரின் ஆதரவாளர் நினைவூட்டுவர். அதுவும் உண்மையே. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்றைச் சுட்டுவதனால் மற்றையவை இல்லையென்று ஆகிவிடாது.

இந்த இக்கட்டை நீக்குவதற்கு ஒரு வழி இலங்கை மக்கள் அறிந்ததே. இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் தம் விருப்புக்களை மூன்றுவரை வரிசைப்படுத்தலாம்; எவருக்கும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் கிடையாவிடின், முதலிருவரை நிறுத்தி, ஏனையோருக்கு வாக்களித்தவரின் அடுத்த விருப்பு எண்ணப்படும். 2024 செப்டெம்பரில் இவ்வெண்ணிக்கை முதன்முறையாகத் தேவைப்பட்டது. அமெரிக்காவிலே மேயின் மாநிலம் 2020 முதலாகவும், அலாஸ்கா 2024இலும் இதனையொத்த முறையில் ஜனாதிபதித் தேர்தலை நடத்தின. கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக நீக்கிச் செல்வது அவர்களுடைய வழக்கம். புளோரிடாவில் அன்று இம்முறை இருந்திருப்பின், நேடரை முதலாவதாகவும் கோரை இரண்டாவதாகவும் குறிப்பதற்கு எவரும் அஞ்சியிருக்க மாட்டார். எனினும் 2024 நவம்பரில் ஒரிகன், கொலராடோ, ஐடகோ, நெவாடா ஆகிய மாநிலங்களில் இச்சீர்திருத்தத்தை மக்களே நிராகரித்தனர். மேலும், இம்முறை மூன்றாமவர் பிறரைக் கெடுக்காதபடி தடுக்குமேயன்றி, அவரை வெல்ல வைக்கும் என்று எண்ணுவது மிகை.

வாயில்களும் ஒடுக்கமானவை. வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெறுவதற்கு ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது சட்டங்கள். பலவற்றில் ஆயிரக்கணக்கான கையொப்பங்கள் திரட்ட வேண்டும். எதிர்க்கட்சியார் ஒவ்வொரு கையொப்பத்தையும் நீதிமன்றத்திலே துருவித் துருவிப் பார்ப்பர். தொலைக்காட்சி விவாதத்தில் இடம்பெறுவதற்கு 2000ஆம் ஆண்டிலிருந்து கருத்துக் கணிப்புக்களில் 15 வீத ஆதரவு கேட்கப்பட்டது. விவாதத்திலே தோன்றாதவருக்கு அவ்வளவு ஆதரவு எங்ஙனம் கிட்டும்? பெரோவுக்கு 1992இல் கிடைத்த மேடை, நான்காண்டுகளின் பின் அவருக்கே மறுக்கப்பட்டது. அம்முறை அவர் பெற்றது 8.4 வீதம்.

ஆதலால் வெளியே நிற்பவர்களுள் விவேகமுள்ளோர் பெருங் கட்சியின் கதவையே தட்டத் தொடங்கினர். கட்சி அபேட்சகரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்யும் பூர்வாங்கத் தேர்தல்கள் அக்கதவைத் திறந்துவிட்டன. செனற் சபையிலே சுயேச்சையாய் அமர்ந்திருந்த பேர்னி சாண்டர்ஸ், 2016இல் சனநாயகக் கட்சியின் நியமனத்தையே நாடினார். பெரோவின் சீர்திருத்தக் கட்சியின் நியமனத்தை 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு நாடிப் பாதியிற் கைவிட்ட டொனால்ட் ட்ரம்ப், 2016இல் குடியரசுக் கட்சிக்குள்ளே புகுந்து, அதனையே தமதாக்கிக்கொண்டார்.

2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அதிகம் பேசப்பட்ட மூன்றாமவர் ரொபேட் எப். கென்னடி இளையவர். 1968இல் கொலையுண்ட செனற்றர் ரொபேட் கென்னடியின் மகன். சனநாயகக் கட்சியிலே தொடங்கி, 2023 ஒக்டோபரிற் சுயேச்சையானவர். மாநிலம் மாநிலமாகக் கையொப்பந் திரட்டி, வாக்குச்சீட்டில் தம் பெயரை ஏற்றுவிக்க வழக்காடினார். வதிவிடம் பற்றிய வழக்கினால் நியூ யோர்க்கில் அவருக்கு இடங் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் போட்டியை நிறுத்தி ட்ரம்புக்கு ஆதரவளித்தார். அதன்பின் மிச்சிகன், விஸ்கொன்சின் ஆகிய மாநிலங்களில், வாக்குச்சீட்டிலிருந்து தம் பெயரை எடுத்துவிடுமாறு வழக்காடினார். உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. நவம்பரில் அவ்விரு மாநிலங்களிலும் போட்டியில் இல்லாத அவருக்குப் பல்லாயிரம் பேர் வாக்களித்தனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ட்ரம்ப் அமைச்சரவையின் சுகாதாரச் செயலாளராக அவரைச் செனற் சபை உறுதிப்படுத்தியது.